தவுவாவிலிருந்து கொண்டுவந்த ரத்தம்

நாண்டி விமான நிலையத்தில் சரோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது எனக்கு முதலில் தோன்றியது, இவளுக்கு ஏன் இன்னும் ஒரு நரைமுடிகூட இல்லை என்பதுதான். பதினேழு வருடம் கழித்துப் பார்க்கிறோம். எனக்குப் பாதித் தலை வெளுத்துவிட்டது.

சரோ என்கிற சரோஜினி ஃபிஜியில் பிறந்து வளர்ந்தவள். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் நான்காம் தலைமுறை. மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தாள். நான் அதே விடுதியில் நுண்ணுயிரியல் படித்தேன். எனக்கு அரை மதிப்பெண்ணில் மருத்துவ இடம் தவறியிருந்தது. அவளுக்கு வெளிநாட்டு மாணவர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

"இன்னும் அதே மாதிரிதான் மொறச்சிக்கிட்டு இருக்க, தேவி," என்றாள். என் பெட்டியைப் பிடுங்கிக் காரில் போட்டாள்.

அது 2007, ஜூலை மாதம். டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. லவுடோகா தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் எழுந்து வந்தான். ஆறடிக்கு மேல் இருப்பான். நான் கடவுச்சீட்டைத் தேடினேன். அவன் குனிந்து பார்த்து, "புலா, டாக்டர்," என்று வணக்கம் சொல்லிச் சிரித்துவிட்டு, சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை இறக்கினான். அவன் மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது இவள்தான் கூட இருந்தாளாம். எங்கள் ஆய்வுக்கூட வாசலில் இருக்கும் காவலாளி பன்னிரண்டு வருடமாக என்னிடம் தினமும் அடையாள அட்டை கேட்கிறார்.

வழியெல்லாம் இரண்டு பக்கமும் கரும்பு. நடுநடுவே பூட்டிக் கிடந்த தகர வீடுகள். "இது கனடா போயிடுச்சு. இது சிட்னி. இந்தப் பச்ச வீடு ஆக்லந்து," என்று சரோ வண்டி ஓட்டியபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் பெயருக்குப் பதில் அவர் போன ஊரின் பெயரைச் சொல்வதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது. 1987இல் இந்திய வம்சாவளியினர் நிறைந்த ஆட்சியை ராணுவம் முதல் தடவை கவிழ்த்தபோது நாங்கள் விடுதியில் இருந்தோம். ஃபிஜிக்குத் தொலைபேசி இணைப்புக் கிடைக்க அவள் நாள் முழுக்க வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. அடுத்த வருடமே அவள் அப்பா, அம்மா, அண்ணன்கள் எல்லோரும் சிட்னிக்குப் போய்விட்டார்கள். இவள் படிப்பு முடிந்ததும் தனியாகத் தவுவாவுக்குத் திரும்பினாள். 2000இல் கலகக்காரர்கள் நாடாளுமன்றத்தில் ஆட்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தபோதும் போகவில்லை. இந்தத் தடவையும் போகவில்லை. சிட்னிக்கு வரச்சொல்லி இரண்டு முறை காகிதம் வந்து, இரண்டு முறையும் அவள் விட்டுவிட்டாள். நான் மூன்று முறை வெளிநாட்டு ஆய்வு வேலைக்கு எழுதிப்போட்டு மூன்று முறையும் வேண்டாம் என்று பதில் வாங்கியவள்.

நான் வந்தது ரத்தத்துக்காக. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றித்தான் என் வேலை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஈரலில் தங்கிவிடும். எந்த வைரஸ் நுழைந்தாலும் நம் செல்கள் உடனே இன்டர்ஃபெரான் என்கிற பொருளைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். இந்த வைரஸ் நுழைந்தால் அந்த எச்சரிக்கை எழுவதே இல்லை. செல்லுக்குள் கிளம்பும் செய்தியை வைரஸின் ஒரு புரதம் வழியிலேயே நிறுத்திவிடுகிறது என்பது என் கட்சி. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் அதைத்தான் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமான நோயாளி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

சரோ ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அவளிடம் வைத்தியத்துக்கு வரும் ஒரு குடும்பம் இருக்கிறது. தாய் ஈரல் புற்றுநோயில் இறந்தவர். அவரிடமிருந்து மகளுக்கும் மகனுக்கும் பிறக்கும்போதே தொற்று. அதில் மகளுக்கு மட்டும் வைரஸ் தானாகவே போய்விட்டது. போவதற்கு முன்னும், போகும்போதும், போன பிறகும் எடுத்த ரத்தம் பத்திரமாக இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு நான் அன்று மதியம் சாப்பிடவில்லை. உலகத்தில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களுக்கும் கிடைக்காத ஒன்று, ஒரு கரும்பூர் டாக்டரிடம் கிடைத்திருக்கிறது.

மறுநாள் காலையில் அவள் மருத்துவமனையைப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு தகரக் கூரை. பின்னறையில் மீன் வைக்கும் பெரிய குளிர்பெட்டி. அதற்குள் ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு பெயர். டப்பாவுக்குள் சின்னச் சின்னக் குழாய்களில் ரத்தத்திலிருந்து பிரித்த ஊனீர், வருடம் மாதம் எழுதி அடுக்கியிருந்தது.

"2000ல கரண்ட் போச்சே, அப்ப என்ன பண்ணின?" என்று கேட்டேன். அந்த வருடம் கலகக்காரர்கள் அணையைப் பிடித்துக்கொண்டதில் தீவு முழுக்க மின்சாரம் தடுமாறியது எனக்குத் தெரியும். அவள் மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் கேட்டேன்.

"வட்டுக்கோலா தங்கச் சுரங்கத்துல தனியா மிஷின் வெச்சு கரண்ட் எடுப்பாங்க. அங்க ஒரு நர்ஸ், மெரே. நம்ம ஃபிஜியன் பொண்ணு. எல்லா டப்பாவையும் டாக்சியில ஏத்திக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். அவ ஃபிரீசர்ல இருந்த மீனையெல்லாம் எடுத்து ஊருக்குக் குடுத்துட்டா. ரெண்டு மாசம் அங்கதான் இருந்துச்சு."

எனக்கு ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் முனிசாமியைப் பார்க்க ரக்கிரக்கிப் பக்கம் போனோம். அவர்தான் கடிதத்தில் சொன்ன குடும்பத்தில் வைரஸ் போகாத தம்பி. வயது முப்பத்தெட்டு. சரோவின் கார் அன்று கிளம்ப மறுத்ததால் பேருந்து. இங்கே பேருந்துக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. தார்ப்பாயைச் சுருட்டி மேலே கட்டியிருக்கிறார்கள், மழை வந்தால் அவிழ்த்துவிட வேண்டும். முன் இருக்கையில் இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டு வந்ததைச் சரோ எனக்குச் சொன்னாள். "என் மச்சினனுக்கு விசா வந்துவிட்டது. தச்சு வேலை தெரியுமாம். போன வருடம்வரை அவனுக்கு ஆணி அடிக்கத் தெரியாது," என்றாராம் ஒருவர். மற்றவர் கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முனிசாமி வீட்டில் ரொட்டியும் டின் மீன் குழம்பும் கொடுத்தார்கள். ரொட்டி எங்கள் வீட்டுச் சப்பாத்தியைவிட மெல்லியதாக, இரண்டு மடங்கு பெரியதாக இருந்தது. அவர் மனைவி இன்னும் இன்னும் என்று போட்டுக்கொண்டே இருந்தார். முனிசாமிக்குத் தமிழ் வராது, ஃபிஜி இந்திதான். சரோ நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

அவர் நிலத்தின் குத்தகை அடுத்த வருடம் முடிகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் புதுப்பிக்க மாட்டார்கள். ஆக்லந்தில் வேலை தர ஆள் இருக்கிறது. குடியேற்ற மருத்துவப் பரிசோதனையில் ஈரல் நொதி மிக அதிகமாக இருந்ததால் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஈரலின் நிலை பற்றி விளக்கமான சோதனை முடிவை ஆகஸ்ட் கடைசிக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அந்தச் சோதனையைச் செய்ய அவருக்கு இங்கே வழியில்லை. என்னிடம் இருந்தது.

"நானும் அக்காவும் ஒரே வயிற்றில் பிறந்தோம். அவளை மட்டும் ஏன் விட்டது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். பிறந்த குழந்தையின் உடம்பு, எது தன்னுடையது எது வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் காலம் அது. வைரஸ் தன் புரதம் ஒன்றை ரத்தத்தில் ஏராளமாகக் கலந்துவிடுகிறது. உடம்பு அதையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு முப்பது, நாற்பது வருடம் சண்டையே கிடையாது.

சரோ சொல்லி முடித்ததும் அவர் யோசித்தார். "சண்டை இல்லாமல் இருப்பது நல்லதுதானே?"

"வைரஸுக்கு நல்லது," என்றேன்.

சரோ அத்தோடு நிறுத்தவில்லை. இந்தியில் அவரிடம் நிறைய சொன்னாள், பிறகு என்னிடம் தமிழில் சொன்னாள். அக்கா லட்சுமிக்கும் வைரஸ் போவதற்கு முன் இதே மாதிரிதான் நொதி ஏறியதாம். வைரஸ் ஈரலை நேரடியாகக் கெடுப்பதில்லை. உடம்பு விழித்துக்கொண்டு வைரஸ் பிடித்த செல்களைக் கொல்லத் தொடங்கும்போதுதான் நொதி ஏறுகிறது. "இவனுக்கும் அதான்டி நடக்குதுன்னு எனக்குத் தோணுது. விசா டாக்டர் ஈரல் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறாரு. சண்ட ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"நோய் முத்தினாலும் நொதி ஏறும்," என்றேன். "தடுப்பு செல்லுக்குள்ள இருக்கு. அது தானா விலகாது. நான் பன்னெண்டு வருஷமா பாக்குறேன்."

"நீ தட்டுல பாக்குற," என்றாள். கிண்டல் இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் காது மடல் சுட்டது.

ஒப்புதல் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். ரத்தம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சொந்தம், முடிவுகள் தனிநபருக்குத் தெரிவிக்கப்பட மாட்டா என்று அதில் ஒரு வரி உண்டு. சரோ அந்த வரிக்கு வந்ததும் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே மொழிபெயர்த்தாள். முனிசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் நான் ஏன் கொடுக்க வேண்டும்?"

அவர் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். "முடிவு தெரிஞ்ச அன்னிக்கே சரோவுக்குச் சொல்றேன்," என்றேன். அவர் சட்டைக் கையை மடித்தார்.

திரும்பும்போது பேருந்து பாதி வழியில் புகைவிட்டு நின்றது. ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றி ஊனீரைப் பிரிக்க வேண்டும். நான் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தேன். சரோ நடுச்சாலையில் போய் நின்று ஒரு கரும்பு லாரியை நிறுத்தினாள். ஓட்டுநர் அவளைப் பார்த்ததும் முன்னால் இருந்த சாமான்களை எல்லாம் பின்னால் வீசிவிட்டு இடம் பண்ணினார். நானும் அவளும் ஒரே இருக்கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து தவுவா வந்தோம். ஓட்டுநர் வழியெல்லாம் அவளிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். என்னிடம் யாராவது முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தேன்.

நான்காம் நாள் லட்சுமி வீட்டில் சாப்பாடு. அவளுக்கும் கணவருக்கும் விசா வந்துவிட்டது, இன்னும் இரண்டு வாரத்தில் ஆக்லந்துக்குப் பயணம். சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கோடு வைத்தார்கள். சாமி படங்கள் மட்டும் இன்னும் சுவரில் இருந்தன. பாத்திரங்களில் பாதி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது.

"வாங்கம்மா, ஒக்காருங்க. எனக்குத் தமிழ் தோரா தோரா, கொஞ்சம்தான் வரும். கோயில்ல பாடுவேன், அர்த்தம் தெரியாது," என்றாள்.

முனிசாமியும் வந்திருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. மாமரத்தடியில் மற்ற ஆண்களோடு உட்கார்ந்து நங்கோனா குடித்துக்கொண்டிருந்தார். வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்த மண் நிறப் பானம் அது. குடித்தால் நாக்கு மரத்துப்போகும். தேங்காய்ச் சிரட்டையை எனக்கும் நீட்டினார்கள். ஒரு வாய் குடித்தேன்.

லட்சுமி தம்பிக்குத் தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவர் வாங்கவில்லை. இந்தியில் ஏதோ சொன்னார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் தட்டோடு திரும்பி வந்து அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"'நீ போ, ஒனக்குத்தான் நல்ல ரத்தம்'ங்கறான். நானா பண்ணினேன்? அந்த 2000 கலாட்டா வருஷம் ரெண்டு மாசம் மஞ்சளாப் படுத்துக் கெடந்தேன். கடை எரிக்கிறாங்கன்னு எல்லாரும் ஓடுறாங்க, எனக்கு எந்திரிக்க முடியல. இவன்தான் என்னைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினான்." தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அவனுக்கு நல்ல ரிசல்ட்டாப் போட்டுக் குடுங்கம்மா," என்றாள்.

"நான் போட முடியாதும்மா. என்ன இருக்கோ அதான் வரும்."

"என்ன இருக்கோ அத சீக்கிரம் சொல்லுங்க," என்றாள்.

தம்பிக்கு அக்காமேல் இருந்ததை நான் உடனே புரிந்துகொண்டேன். அந்த வீட்டில் அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யாரும் இல்லை. இருந்தும் மரத்தடியில் போய் அவர் பக்கத்தில் உட்கார எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்த லட்சுமியின் குழாய்களையும் முனிசாமியின் புது ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். சரோ டப்பாவைக் காலி செய்து கொடுத்தபோது முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. "நல்லபடியா செய்டி. உன்னாலதான் முடியும்," என்றாள்.

சென்னையில் முதலில் லட்சுமியின் குழாய்களைத்தான் சோதித்தேன். ஒவ்வொன்றாகச் சரோ சொன்னபடியே வந்தது. வைரஸ் ரத்தத்தில் கலந்துவிடும் அந்தப் புரதம் குறையத் தொடங்கிய மாதம், உடம்பின் எச்சரிக்கைப் பொருள்கள் ஏறியிருந்தன. அதற்குப் பிறகுதான் நொதி. அதற்குப் பிறகு வைரஸ் சரிந்திருந்தது. ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, முனிசாமியின் முடிவு வந்தது. அந்தப் புரதம் அவர் ரத்தத்தில் இல்லவே இல்லை. அதற்கு எதிரான பொருள் உருவாகியிருந்தது. வைரஸின் அளவு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அவர் உடம்பு விழித்துக்கொண்டு முக்கால் சண்டையை முடித்துவிட்டது. நோயாளியைப் பார்த்துச் சரோ சொன்னது சரி. பன்னிரண்டு வருடம் தட்டைப் பார்த்து நான் சொன்னது தவறு.

நான் போன் செய்யவில்லை.

ஒரு தடவை திருப்பிச் சோதித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை திருப்பிச் சோதித்தேன். அதே முடிவு. அதற்குப் பிறகு எனக்கு ஒரு காரணமும் இல்லை. தினமும் ஆய்வுக்கூடம் போனேன், வீட்டுக்கு வந்தேன், சமைத்தேன், தொலைக்காட்சி பார்த்தேன். மேசையில் காகிதம் இருந்தது. ஆகஸ்ட் கடைசி எனக்கு மறந்துபோகவில்லை. 'சரோ, நீ சொன்னதுதான் சரி' என்கிற வாக்கியம் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் மூன்றாம் தேதி சொன்னேன். பதினோரு நாள்.

மறுமுனையில் சரோ, "வெள்ளிக்கிழம ஃபைல மூடிட்டாங்கடி," என்றாள். "பரவால்ல. மறுபடி போட்டுக்கலாம். நீ ரிப்போர்ட்ட ஃபேக்ஸ்ல அனுப்பு. உனக்கு எவ்வளவு வேலையோ, பாவம்." அன்றே அனுப்பினேன்.

மறுபடி விண்ணப்பித்து விசா வர பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போனது. முனிசாமி மனைவியையும் மகளையும் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு லவுடோகாவில் ஒரு மரக்கடையில் பாரம் தூக்கினார். பிறகு மூவரும் ஆக்லந்துக்குப் போனார்கள். அக்கா விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போனாளாம். சரோதான் எழுதியிருந்தாள். அவள் இன்னும் தவுவாவில் இருக்கிறாள். எங்கள் கட்டுரை ஒரு நல்ல இதழில் வெளிவந்தது. முதலில் என் பெயர், அடுத்து அவள் பெயர். முதல் பெயர் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து முனிசாமியிடமிருந்து ஒரு உறை வந்தது. புது டாக்டர் பழைய அளவுகளைப் பற்றி ஏதோ கேட்கிறார், விளக்க முடியுமா என்று மகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நான் அனுப்பிய சோதனை முடிவின் நகலை இணைத்திருந்தார்கள். சரோ அவரிடம் கொடுத்த நகல் அது.

படித்துக்கொண்டே வந்தவள் வலது மேல் மூலையில் நின்றேன். எங்கள் இயந்திரம் ஒவ்வொரு தாளிலும் அந்த இடத்தில் முடிவு வந்த தேதியை அடிக்கும். இந்த நகலில் அங்கே ஒன்றுமில்லை. நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு மெல்லிய சதுரக் கோடு மட்டும் தெரிந்தது. தேதியின்மேல் ஒரு சின்னக் காகிதத் துண்டை வைத்து மூடிவிட்டு நகல் எடுத்தால் விழும் விளிம்பு அது.

அவள் பார்த்திருக்கிறாள். ஃபேக்ஸ் வந்த அன்றைக்கே பார்த்திருக்கிறாள். முனிசாமி பார்க்கக்கூடாது என்று மறைத்திருக்கிறாள். அதற்குப் பிறகும் எனக்குக் கடிதம் எழுதினாள், பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னாள், என் அம்மாவின் சர்க்கரை நோய்க்கு மருந்து சொன்னாள். அன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வெட்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமைதான். இதையும் அவளால் செய்ய முடிகிறது.

முனிசாமிக்குப் பதில் எழுதினேன். முடிவு வந்த தேதியையும் எழுதினேன். அவரிடமிருந்து பதில் இல்லை.

சரோவிடம் இன்னும் சொல்லவில்லை. சென்னைக்கு வந்தபோது அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. விடுதியில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து அ, ஆவிலிருந்து சொல்லிக்கொடுத்தது நான். மெதுவாகத்தான் படிப்பாள், ஆனால் விடாமல் படித்துவிடுவாள். இந்தப் பக்கங்களை அவளுக்கு அனுப்பப்போகிறேன்.